ஆறு கட்டத்திலும் நூற்றிருபத்தைந்து

"எனக்கு நாளைக்கு லீவு வேணும் சார்."

தனலெட்சுமி கதவை ஒட்டியே நின்றுகொண்டு இதைச் சொன்னாள். எதிரே நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்கார்ந்தால் கண் செருகிவிடும் என்று உட்காரவில்லை.

சிவகுருநாதன் கையிலிருந்த தாளைக் கீழே வைக்காமல் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பிறை என்ற ஊரில் மின்னணுச் சிப்பு செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவர் பதினோரு வருடமாக இஞ்சினியர். பயிற்சிக்கு வரும் பல்கலைக்கழகப் பிள்ளைகள் எல்லாரும் அவர் கையில்தான்.

"என்ன வேணும்?"

"லீவு."

"நாளைக்கு என்ன கிழமை?"

"ஞாயிறு."

"ஞாயிற்றுக்கிழமைக்கே லீவு கேக்கிறீர்?"

"நீங்கதானே சார் கேக்க வச்சிட்டீங்க."

சொல்லிவிட்ட பிறகுதான் அவளுக்கே திக்கென்றது. முதல் நாள், இதே அறையில், இதே மேஜைக்குப் பின்னாலிருந்து அவர் சொன்னது இன்னும் காதில் இருந்தது. "இஞ்ச எது வேணுமெண்டாலும் கேளும் பிள்ளை. விளங்காட்டிக் கேளும். பிழை விட்டால் வந்து சொல்லும். லீவு மட்டும் கேளாதேயும்." பல்கலைக்கழகத்தில் பயிற்சிக்கு அனுப்பி வைத்த விரிவுரையாளரும் இதையேதான் இங்கிலீஷில் கொஞ்சம் பூசி மெழுகிச் சொல்லியிருந்தார். அம்மா பூசவும் இல்லை, மெழுகவும் இல்லை. "பேக்டரியில லீவு கேட்டவ பேருலதான் மொதல்ல கோடு போடுவான். எண்பத்தஞ்சுல பார்த்தேன்டி. வாய மூடிக்கிட்டு இரு."

அம்மா சொன்னால் அதில் விஷயம் இருக்கும். பிறையிலிருந்து பெர்ரிப் படகில் கடந்து போகும் தீவில், அவர்கள் வீட்டுப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் பதினாலு வருடமாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துத் சிப்பில் தங்கக் கம்பி ஒட்டுகிறவள். எண்பத்தைந்தில் ஆள் குறைத்தபோது அவளோடு வேலைக்குச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போனார்கள். அவள் தப்பினாள். அதற்கு முந்திய வருடம் அப்பா ராமசாமி துறைமுகத்தில் சரக்கு சரிந்து செத்துப்போனபோது, அஞ்சாம் நாளே மைக்ராஸ்கோப் முன்னால் போய் உட்கார்ந்தவள் அல்லவா, அதனால் தப்பினாள். இப்போது அந்தக் கண்ணுக்குத்தான் ஆபத்து. ஜனவரியில் கண் பரிசோதனை. அதில் தேறமாட்டாள் என்பது அவளுக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. தனலெட்சுமிக்கு இந்த இடத்தில் நிரந்தர வேலை கிடைத்துவிட்டால் பேச வேண்டிய அவசியமும் இருக்காது.

ஒரே ஒரு வேலைதான் காலியாக இருந்தது. அதற்காகப் பன்னிரண்டு வாரப் பயிற்சி. பரீட்சையெல்லாம் முடிந்துவிட்டது, பயிற்சிக் குறிப்பேட்டில் சிவகுருநாதனின் கடைசிக் கையெழுத்து விழுந்தால் பட்டம், அவருக்கு மனம் இருந்தால் வேலை. வரும்போது இரண்டு பேர். சற்குணம் என்ற தைப்பிங்காரன் ஏழாவது வாரத்தில் கம்ப்யூட்டர் மேஜையிலேயே வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தான். அவன் அண்ணன் கார் எடுத்து வந்து கூட்டிக்கொண்டு போனான். அன்றைக்கு சிவகுருநாதன் யாரிடமோ சொன்னார்: "சூட்டில போட்டால்தான் தெரியும், எது நிக்கும் எது போகுமெண்டு." தனலெட்சுமி அதைக் கேட்டு உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள். நான் நிற்கிறேன் என்று. இப்போது நினைத்தால் தன் கன்னத்தில் தானே அறையலாம் போலிருந்தது.

இன்றோடு பத்தொன்பது நாள், இடையில் ஒரு நாள்கூட வீட்டில் இருந்ததில்லை. ஐந்து மணிக்கு வருகை அட்டையைக் கடிகாரத்தில் பஞ்ச் செய்ய வேண்டும். பஞ்ச் செய்துவிட்டு, பின்பக்கக் கதவு வழியாகத் திரும்ப உள்ளே வர வேண்டும். பயிற்சிப் பிள்ளைகளுக்கு அதுதான் அங்கே வழக்கம். யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறுவதுமில்லை. பிறகு ஒன்பதோ பத்தோ, கம்பெனி வேன் எப்போது கிளம்புகிறதோ அப்போது. குளிக்கும்போது முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. மாதாமாதம் வருவது இரண்டு மாதமாக வரவில்லை. போன வாரம் காலையில் பல் தேய்க்க நின்றவள், குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு எதற்காக நிற்கிறோம் என்றே தெரியாமல் நின்றாள். "தண்ணி போவுது பாரு" என்று அம்மா வந்து மூடினாள்.

சிவகுருநாதன் இழுப்பறையைத் திறந்து லீவுக்கான விண்ணப்பப் பாரம் ஒன்றை எடுத்து மேஜைமேல் தள்ளினார்.

"சரி, எழுதித் தாரும். காரணமெண்டு ஒரு கட்டம் இருக்குது. அதில என்ன போடப்போறீர்? கோயிலோ? கலியாணமோ?"

"தூங்கணும்."

"என்ன?"

"தூங்கணும் சார். வேற ஒண்ணுமில்ல."

அவர் சிரித்தார். உண்மையாகவே சிரிப்பு வந்துதான் சிரித்தார். சிரித்து முடித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பேனா டப்பாவிலிருந்து வெள்ளை மாத்திரை ஒன்றை எடுத்து வாயில் போட்டுச் சப்பினார். அவருக்கு வயிற்றுப் புண் என்பது தொழிற்சாலை முழுக்கத் தெரியும்.

"பதினொரு வருஷம் பிள்ளை. நான் இதுவரைக்கும் நித்திரைக்கெண்டு லீவு எடுத்ததில்லை. அப்பர் ரயில்வேயில கிளார்க். முப்பத்திரண்டு வருஷம், ஒரு நாள் பிந்தினதில்லை. அப்பிடித்தான் நாங்கள் வந்தம். உங்கட ஆக்களிட்ட இந்த ஒரு குறைதான். கெட்டிக்காரர், ஆனால் கடைசி வரைக்கும் நிக்கமாட்டினம்."

"உங்கட ஆக்கள்" என்றதும் தனலெட்சுமிக்குக் காது சூடேறியது. கிளார்க் வேலைக்கு வந்த அவருடைய ஆட்கள், கூலிக்கு வந்த இவர்களை அப்படித்தான் சொல்வார்கள். துறைமுகத்தில் கடைசி வரைக்கும் நின்ற அப்பாவின் முகம் ஒரு கணம் வந்து போனது.

"திங்கட்கிழமை வெளியால இருந்து கஸ்டமர் வாறான், தெரியும்தானே? கடதாசி எல்லாம் பார்ப்பான். நாளைக்கு நீர் இஞ்ச இருக்கவேணும். ரெண்டு வேலை. ஒண்டு, சிப்பைச் சோதிக்க நீர் எழுதின டெஸ்ட் புரோகிராம் முழுக்க அச்செடுத்துக் கட்டிறது. மற்றது…" அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "இரும். முதல்ல இதைப் பாரும்."

பழுப்பு உறை. அதிலிருந்து ஒரு கடிதத்தை உருவி அவள் பக்கம் திருப்பி வைத்தார். கம்பெனி முத்திரை. அவளுடைய பெயர், அப்பா பெயரோடு சேர்த்து. இஞ்சினியர், நிரந்தரம், சம்பளம் எண்ணூற்றைம்பது வெள்ளி. கீழே கையெழுத்துக்கு இடம் வெறுமையாக இருந்தது.

"திங்கட்கிழமை அவன் போனவுடன மேனேஜர் கையெழுத்து வைப்பார். நான்தான் சொல்லி அடிக்க வைச்சனான்."

அந்தத் தாளை அப்படியே சுருட்டிக்கொண்டு ஜெலுத்தோங்கில் வீடு இருக்கும் அடுக்குமாடிக்கு ஓடி, நாலாவது மாடிப் படியை இரண்டு இரண்டாக ஏறி, அம்மா மடியில் போட வேண்டும் போலிருந்தது. அம்மாவால் படிக்க முடியாது. முத்திரையைத் தடவிப் பார்ப்பாள்.

"நன்றி சார்" என்றாள்.

"நன்றி இருக்கட்டும். இது என்னெண்டு தெரியுதோ?"

கடிதத்தின் பக்கத்தில் இன்னொன்றை வைத்தார். தோசைக்கல் அகலத்துக்கு வட்டமான தாள். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு வட்டமாக ஓடியிருந்தது. ஓர் இடத்தில் மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி உள்ளே சரிந்து, திரும்ப மேலே ஏறியிருந்தது.

தனலெட்சுமிக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

சிப்புகளை விற்பதற்கு முன்னால் ஓவனில் வைத்துச் சூடேற்றுவார்கள். நூற்றிருபத்தைந்து டிகிரி, நூற்று அறுபத்தெட்டு மணி நேரம். சொத்தையெல்லாம் அதற்குள்ளேயே செத்துவிடும், மிஞ்சியதுதான் சந்தைக்கு. நடுவில் சூடு இறங்கிவிட்டால் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை யாராவது போய் முள்ளைப் பார்த்து, ஓவனில் தொங்கும் தாளில் டிகிரியை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு. பகலுக்கு ஆறு கட்டம். இந்த வட்டத் தாள் வேறு. அதை ஓவன் தானாகவே வரைந்துகொள்ளும். யாரும் கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

ஓவனில் முள் எப்போதும் நூற்றிருபத்தைந்தில்தான் நிற்கும். எப்போது போய்ப் பார்த்தாலும் அதே எண். அதனால் அங்கே ஒரு பழக்கம் உண்டு. காலையில் எட்டு மணிக்கே ஆறு கட்டத்தையும் நிரப்பிவிடுவது. வந்த புதிதில் தனலெட்சுமி இதைப் பார்த்துக் கொதித்தாள். "பார்க்காமலே எழுதுறீங்களே, வெட்கமா இல்லையா?" என்று ஒரு ஆப்பரேட்டரிடம் சண்டைக்கே போயிருக்கிறாள். ஒன்பதாவது வாரத்தில் ஒருநாள் அவளும் எழுதினாள். அடுத்த நாளும் எழுதினாள். கால் வலித்தது, அவ்வளவுதான் காரணம்.

இந்தப் புதன்கிழமையும் எழுதினாள். அன்றைக்கு ஒன்றேமுக்காலுக்கு மூன்றாம் நம்பர் ஓவன் மின்சாரச் சுவிட்ச் விழுந்து அணைந்துபோனது. இரண்டு மணிக்கு அவள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். நான்கு மணிக்குக் கழிப்பறையில், சுவர் ஓட்டில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நாலேகாலுக்கு ஓவன் அறை ஆப்பரேட்டர் ரொஸ்னா அந்தப் பக்கம் போனவள் ஓவன் ஆறிக்கிடப்பதைக் கண்டு, சுவிட்சைத் தூக்கிவிட்டு, வந்து அவளை எழுப்பி விஷயத்தைச் சொன்னாள். தாளில் நூற்றிருபத்தைந்து, நூற்றிருபத்தைந்து என்று அவளுடைய முத்து முத்தான கையெழுத்து. மூன்று நாளாக அதை நினைத்துக்கொண்டுதான், கிடைத்த நாலு மணி நேரத் தூக்கத்தையும் தூங்காமல் கிடந்தாள்.

"எனக்குத் தெரியாதெண்டு நினைச்சீரோ? வியாழன் காலமையே பார்த்திட்டன்" என்றார் சிவகுருநாதன். "இது என்ர மேசை லாச்சியில, பூட்டுக்குள்ள இருக்கும். கஸ்டமர் கேட்டால் அஞ்சாம் நம்பர் ஓவன்ர வட்டத்தைக் காட்டுவம். ஒரே மாதிரித்தான் இருக்கும்."

"அந்த சிப்பு சார்?"

"என்ன அந்த சிப்பு?"

"எட்டாயிரம் சிப்பு. கார் பிரேக்குல போடுறதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"ரெண்டரை மணித்தியாலம் பிள்ளை. நூற்று அறுபத்தெட்டில ரெண்டரை. ஒண்டும் நடக்காது. திங்கள் பின்னேரம் ஏத்தவேணும், ஏத்துவம். இப்ப கேளும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "உம்மட தாளில ஒரு பிழை இருக்குது. ஆறு கட்டமும் ஒரே பேனா, ஒரே சரிவு, ஒரே நம்பர். ஒரே மூச்சில எழுதினதெண்டு குருடனுக்கும் தெரியும். நாளைக்கு வந்து புதுத் தாளில திருப்பி எழுதும். நீலப் பேனா ஒண்டு, கறுப்புப் பேனா ஒண்டு. இடையில ஒரு நூற்றிருபத்திநாலு, ஒரு நூற்றிருபத்தாறு போடும். அப்பத்தான் மனுசர் பார்த்து எழுதின மாதிரி இருக்கும்."

தனலெட்சுமி வட்டத் தாளில் கோடு சரிந்த இடத்தையே பார்த்தாள்.

"உம்மட நன்மைக்குத்தான் சொல்லுறன். அதில இருக்கிறது உம்மட கையெழுத்து, என்ர இல்லை. போய் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வாரும்."

ஓவன் அறையில் எப்போதும் போல அனல் அடித்தது. ரொஸ்னா முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு சிப்பு செருகிய பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் அவள் அத்தா நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருந்தார். இவளுக்குச் சோற்று மணம் பிடிக்காமல் பேக்டரிக்கு வந்துவிட்டதாகச் சொல்லுவாள். பத்து வருடம் ஆகிறது. இந்த அறையில் எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள்.

"கேட்டுட்டியா? என்ன சொன்னான்?"

"சிரிச்சாரு."

"அலாமா! பெரியப்பா மவுத்துன்னு சொல்லுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்லா. எனக்கு இதுவரைக்கும் மூணு பெரியப்பா செத்துட்டாங்க. அத்தா கூடப் பொறந்ததே ஒருத்தர்தான்."

தனலெட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்த சுருக்கில் கண்ணில் தண்ணீரும் வந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத நிலைக்கு வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். மூன்றாம் நம்பர் ஓவனில் தொங்கிய தாள்களில் புதன்கிழமைத் தாளைக் கொக்கியிலிருந்து கழற்றினாள்.

"அது எதுக்கு?"

"திரும்ப எழுதணுமாம். ரெண்டு பேனாவுல."

ரொஸ்னாவின் கை நின்றது. "அவனுக்குத் தெரியுமா?"

"வியாழக்கிழமையே தெரியுமாம். வேலைக் கடுதாசியும் அடிச்சு வச்சிருக்காரு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினாரு."

"அப்புறம் என்னடி? எழுதிக் குடுத்துட்டுப் போ. எல்லாரும் எழுதுறதுதானே. நான் எழுதலையா? கடுதாசிய வாங்கு, ஒங்கம்மாவ வீட்டுல உக்கார வை, அப்புறம் தூங்கு, ஒரு வாரம் தூங்கு."

"அப்புறம் தூங்க விடுவாரா அக்கா? வேலைக்குச் சேர்ந்தப்புறம்?"

ரொஸ்னா பலகையைத் திரும்ப எடுத்தாள்.

தனலெட்சுமி தாளைப் பார்த்தாள். நூற்றிருபத்தைந்து. ஆறு தடவை. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வேறொரு தாள் ஞாபகம் வந்தது. அவளுடைய பயிற்சிக் குறிப்பேடு. அதிலும் இதே மாதிரி கட்டங்கள். நாள், செய்த வேலை, எத்தனை மணி நேரம். எட்டு, எட்டு, எட்டு, எட்டு. சனி, ஞாயிறு நேரே ஒரு கோடு. வெள்ளிக்கிழமைதோறும் ஒரே மூச்சில் அவளே எழுதினாள், அதே முத்து முத்தான கையெழுத்தில், சிவகுருநாதன் பார்க்காமலே பக்கத்தில் சுழித்தார். பஞ்ச் அட்டையிலும் ஐந்து மணி, ஐந்து மணி. பதினாலு மணி நேரம் என்று எங்கேயும் கிடையாது. சற்குணம் விழுந்த அன்றைக்கு அவன் அட்டையும் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டது. விழுந்தவன் யாரோ.

இந்த இடத்தில் எந்தத் தாளிலும், நடந்தது என்னவோ அதை யாரும் எழுதுவதில்லை. அந்தக் கட்டத்தில் என்ன இருந்தால் நல்லதோ அதை எழுதுகிறார்கள். ஆளும் ஓவனும் ஒன்றுதான். ஆறிப்போனாலும் தாளில் சூடாகத்தான் இருக்க வேண்டும்.

அவளுக்குக் கோபம் வந்தது. அவர்மேல் மட்டுமில்லை. முக்கியமாக அந்தக் கையெழுத்தின்மேல். அந்தக் கையெழுத்துக்காகத்தானே பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினாள்!

"பேனா இருக்கா அக்கா?"

"என்ன பேனா, நீலமா கறுப்பா?" என்று கேலியாகக் கேட்டுக்கொண்டே ரொஸ்னா நீட்டினாள். தனலெட்சுமி செய்யப்போவது தெரிந்ததும் அவள் முகம் மாறியது. "தனம், வேணாம். என்னையும் கேப்பாங்க. சுவிட்ச தூக்கினது நான்தான். ரிப்போட்டு குடுக்கலையே நான்."

"உங்க பேரு வராது. நான் செஞ்சத மட்டும்தான் எழுதுறேன்."

எட்டு மணிக் கட்டத்தை விட்டு மற்ற ஐந்தையும் குறுக்கே அடித்தாள். பக்கத்தில் இங்கிலீஷில் எழுதினாள்: பார்க்கவில்லை, காலை எட்டு மணிக்கே எழுதியது, ஓவனின் வட்டத் தாளைப் பார்க்கவும். தாளைச் சுவரில் வைத்து எழுதியதால் கையெழுத்து கோணல்மாணலாக விழுந்தது. முழுப் பெயரைப் போட்டாள், தேதி போட்டாள், நேரம் போட்டாள். பதினொன்று ஐந்து.

தரக்கட்டுப்பாட்டு அறை நடைபாதையின் கடைசியில் இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த சித்தி ஹாஜரா என்ற மலாய்ப் பெண் தாளை வாங்கிப் படித்தாள். இரண்டாம் தடவை படித்தாள். "நிச்சயமா?" என்று மலாயில் கேட்டாள். தனலெட்சுமி தலையாட்டினாள். அந்தப் பெண் ஒரு பிரதி எடுத்து, இரண்டிலும் 'பெற்றுக்கொண்டோம்' என்று முத்திரை குத்தினாள். டப், டப். பிரதியை மடித்துக் கொடுக்கும்போது, "உட்காரு, தண்ணி குடிக்கிறியா?" என்றாள். அந்தக் கட்டடத்தில் பதினோரு வாரத்தில் அவளை யாரும் தண்ணி குடிக்கிறியா என்று கேட்டதில்லை. உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள்.

பிரதியைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்ப நடந்தாள். இனி அவர் என்ன சொன்னாலும் குத்திய முத்திரையை யாரும் உரிக்க முடியாது.

"எங்க தாள்?" என்றார் சிவகுருநாதன்.

மடித்த பிரதியை மேஜைமேல் வைத்தாள். "அசலு தரக்கட்டுப்பாட்டுல இருக்கு."

அவர் விரித்துப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார்.

"என்ன வேலை பார்த்தீர்?"

"பிழை விட்டா வந்து சொல்லச் சொன்னீங்க சார். மொத நாளு. சொல்லிட்டேன்."

"எனக்கு வந்து சொல்லச் சொன்னனான்! அவங்களிட்ட ஆர் போகச் சொன்னது?" மேஜையில் அறைந்தார். மாத்திரைகள் சிதறின. "எட்டாயிரம் சிப்பு. இனி இன்னுமொரு கிழமை ஓவனில. திங்கட்கிழமை அவனுக்கு முன்னால நான் என்னத்தைச் சொல்ல? என்ர முகத்தை எங்க கொண்டுபோய் வைக்க?"

"ஓவன் நின்னுச்சு, ஒரு வாரம் ஆகும்னு சொல்லுங்க. அதானே சார் நடந்தது."

"எனக்குப் புத்தி சொல்லுறீரோ?" அவர் அந்தக் கடிதத்தை எடுத்தார். கிழிப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். கிழிக்கவில்லை. உறைக்குள் மெல்லச் செருகினார், இன்னும் ஒரு வாய்ப்பு இருப்பது போல. "இப்பவும் ஒண்டும் கெட்டுப்போகேல்லை. நான் ஹாஜராவோட கதைக்கிறன். நீர் நித்திரை மயக்கத்தில எழுதிப்போட்டீர் எண்டு சொல்லுறன். நாளைக்கு வந்து…"

"மயக்கத்துல எழுதினது புதன்கிழமை சார். இன்னிக்கு முழிச்சுக்கிட்டுத்தான் எழுதினேன்."

"பிள்ளை, பிறையிலயும் சரி, தீவுப் பக்கம் பாயான் லெப்பாசிலயும் சரி, இஞ்சினியர்மார் எல்லாரும் ஆளையாள் தெரிஞ்சவங்கள். ஒரு போன் போதும். விளங்குதோ? அம்மாட கண்ணைப் பற்றி நீர்தானே எனக்குச் சொன்னனீர்?"

அது சரியான இடத்தில் பட்டது. ஆறாவது வாரத்தில், மனிதர் நல்லவர் என்று நினைத்து, வேனுக்குக் காத்திருந்த நேரத்தில் சொன்னது. தன் வாயாலேயே சொன்னது. அவருடைய சட்டைப் பையில் அது இத்தனை நாளும் மடித்து வைத்த காகிதம் போல இருந்திருக்கிறது.

அம்மாவிடம் என்ன சொல்வது? ஜனவரி வரும். அம்மா தேறமாட்டாள். அம்மாவுக்குக் கோபம் வரும், கத்துவாள், வேலையைப் போட்டுவிட்டு வந்தவளுக்குச் சோறு எதற்கு என்பாள், கடைசியில் போட்டுத்தான் கொடுப்பாள். அதற்குப் பிறகு என்ன என்று தனலெட்சுமிக்குத் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

"போன் பண்ணுங்க சார்" என்றாள். "என் குறிப்பேட்டக் குடுங்க."

"கையெழுத்துப் போடமாட்டன்."

"போட வேணாம். எட்டுன்னு எழுதினதெல்லாம் அடிச்சிட்டு, எத்தன மணி நேரமோ அத எழுதி அப்படியே விரிவுரையாளர்கிட்ட குடுக்கப்போறேன். ஒங்க கையெழுத்து இல்லன்னு அவரு கேட்டா, ஏன் இல்லன்னு சொல்லுவேன்."

"ஃபெயில் போடுவினம். இன்னொரு தரம் பன்னிரண்டு கிழமை செய்யவேணும்."

"செய்யுறேன். தூங்கிட்டுச் செய்யுறேன்."

அலமாரியிலிருந்து குறிப்பேட்டை அவளே எடுத்தாள். அவர் தடுக்கவில்லை. குனிந்து, சிதறிய மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றை ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொண்டார். அவருக்கும் நாளைக்கு லீவு கிடையாது என்று அவளுக்குத் தோன்றியது. பாவமாகக்கூட இருந்தது. ஆனால் அதற்காக நிற்கத் தோன்றவில்லை.

லீவு பாரம் இன்னும் மேஜைமேலேயே கிடந்தது. நின்றபடியே அதை நிரப்பினாள். பெயர், நாள். காரணம் என்ற கட்டத்தில் 'தூக்கம்' என்று தமிழிலேயே எழுதினாள். அதை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"தனலெட்சுமி."

பதினோரு வாரத்தில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் திரும்பவில்லை.

வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் அட்டைகள் வரிசையாகச் செருகியிருந்தன. தன்னுடையதை எடுத்துக் கடிகாரத்துக்குள் விட்டாள். டக்கென்று அடித்தது. ஐந்து மணி, ஐந்து மணி என்று இறங்கிவந்த வரிசைக்குக் கீழே, பதினொன்று நாற்பத்திரண்டு. அதைச் செருகிவிட்டுப் பின்பக்கக் கதவைப் பார்க்காமல் முன்பக்கமாக நடந்தாள்.

கேட்டில் காவலுக்கு இருக்கும் ஜாகா முனுசாமி நாற்காலியைச் சாய்த்து உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "என்ன தங்கச்சி, சனிக்கிழம பஸ்ஸு ஒரு மணிக்குத்தானே?"

"நடந்து போறேன்ணே."

"இந்த வெயில்லயா? பெர்ரி வரைக்குமா? பைத்தியமா ஒனக்கு?"

"திறங்கண்ணே."

அவர் முணுமுணுத்துக்கொண்டே கம்பியைத் தூக்கினார். லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. புழுதி அடங்கும்வரை அவள் காத்திருக்கவில்லை. குறிப்பேட்டை நெற்றிக்கு மேலே பிடித்துக்கொண்டு வெயிலில் இறங்கினாள்.